மிக்சர் டின்னுக்கு அடியில் ஒரு மைக்ரோகிராம்

போன மாதம் ஒரு காலையில் பக்கத்து வீட்டு ரேவதி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டிசைனராக இருக்கிறாள். படத்தில் 499 என்று பெரிதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு காலிக் கட்டம். 'அங்கிள், கட்டம் இருக்கிற இடத்துல ரூபாய் சிம்பல் வரணும். என்ன செஞ்சாலும் கட்டம்தான் வருது. ப்ளீஸ், அவசரம்' என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் பதில் போட்டேன்: 'உன் ஃபான்ட்டில் அந்த எழுத்து இல்லை. கிளிஃப்ஸ் பேனலைத் திற, எல்லாக் குறியும் அதில் வரிசையாக இருக்கும். ரூபாய் உள்ள ஃபான்ட்டைத் தேர்ந்தெடு. ரெண்டு தட்டு தட்டு.' அரை நிமிஷத்தில் கட்டைவிரல் வந்தது. சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் பார்த்தபோது கேட்டாள்: "அங்கிள், இந்தப் பேனல் வர்றதுக்கு முன்னாடி நீங்கல்லாம் என்ன செய்வீங்க?"

"பயப்படுவோம்" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் எப்போதும் ஏதாவது கோமாளித்தனம் பண்ணிக்கொண்டிருப்பவன் என்பதால் நான் உண்மை சொன்னால் யாரும் கவனிப்பதில்லை. நம் தெருச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு 'ஓய்வுக்குப் பின் மன நிம்மதி' என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். என் மன நிம்மதி ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போய் நாலரை மணிக்குத் திரும்பி வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் இந்த மலையாள ஊருக்கு வந்து, கிழக்கே கோட்டை என்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டிசைன் ஆபீசில் சேர்ந்தேன். அச்சகம் இல்லை, அச்சுக்குப் போகும் முன் எழுத்தையும் படத்தையும் சேர்த்துக் கொடுக்கிற இடம். முதல் சில வருஷம் கத்தரிக்கோல், பசை, பிலிம், விரலில் பிளாஸ்திரி. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, போட்டோஷாப் வந்தது, விரல் தப்பியது, கழுத்து போனது. இந்த ஊரில் அரசாங்க வேலைக்காரர்கள் ஐம்பத்தாறில் ஓய்வு பெறுவார்கள். எங்கள் முதலாளிக்கு அரசாங்கத்தில் பிடித்த ஒரே விஷயம் அதுதான். எனக்கும் ஐம்பத்தாறில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்.

இனி பத்மா மேடம்.

என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். இதே கரமனை அக்ரகாரத்துக்காரர். வெளுத்த பருத்திச் சேலை, காதோரம் செருகிய பென்சில், மேஜையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க். பிளாஸ்க்கில் வெந்நீர். அதைத் தவிர வேறெதுவும் ஆபீசில் குடிக்க மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. 'தப்பு' என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதே இல்லை. நம் வேலையில் ஒரு பிழையைப் பார்த்துவிட்டால் பென்சிலைக் கீழே வைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு சொல்வார்:

"போய் ஒரு சாயா குடிச்சுட்டு வாங்கோ."

அவ்வளவுதான். நாம் சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்து, என்ன தப்பு என்பதை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் இன்னொரு சாயா. கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒரு நாள் ஐந்து சாயா குடித்திருக்கிறேன். எதிரே சாயாக்கடை வைத்திருந்த ராஜப்பன் சேட்டனுக்கு எங்கள் ஆபீஸ் நிலவரம் முழுக்கத் தெரியும். என் தலை வாசலில் தெரிந்ததுமே, "இன்னும் தெற்றியோ, சுயம்பு?" என்று கேட்டுக்கொண்டே பாலை ஊற்றுவார். இன்றைக்கும் தப்பா என்று அர்த்தம். தெரு முழுக்கக் கேட்கும்.

மேடத்துக்குப் பெரிய எழுத்துகளைப் பற்றிக் கவலையே கிடையாது. 'கம்பெனி பேரை யாராவது பார்த்துடுவா' என்பார். அவருடைய கவலையெல்லாம் டிகிரிக் குறி, கூட்டல்-கழித்தல் குறி, அரை, கால், பெருக்கல் குறி போன்ற பொடிகளைப் பற்றித்தான். கீபோர்டில் இவற்றுக்கு இடம் கிடையாது. அதனால் எங்கள் ஒவ்வொருவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் அவர் கையால் எழுதிய ஒரு தாள் இருக்கும். டிகிரிக்கு 0176. கூட்டல்-கழித்தலுக்கு 0177. மைக்ரோவுக்கு 0181. பெருக்கலுக்கு 0215. எழுத்துக் கருவியை எடுத்து, குறி வரவேண்டிய இடத்தில் கிளிக் செய்து, ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே, வலது பக்கத்து எண் பலகையில் அந்த நாலு எண்ணையும் தட்டிவிட்டு, ஆல்ட்டை விடவேண்டும். விட்டதும் குறி வந்து உட்காரும். மேல் வரிசை எண்களைத் தட்டினால் வராது. அவசரத்தில் ஆல்ட்டை முன்னாலேயே விட்டாலும் வராது. மேடம் அதை வீணை மீட்டுவதுபோலச் செய்வார். நான் செய்தால் கொசு அடிப்பதுபோல இருக்கும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. குறிகளுக்கென்றே சில ஃபான்ட்டுகள் உண்டு. அதில் சாதாரண எழுத்தைத் தட்டினாலே பூவோ நட்சத்திரமோ கிரேக்க எழுத்தோ வரும். அந்த வழியில் போனவன் நான்.

ஒரு ரப்பர் வியாபாரி மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ். சுற்றிலும் கொடிப்பூ ஓரம் வேண்டும் என்றார். பூ ஃபான்ட்டைத் தேர்ந்து ஆங்கில j-ஐத் தட்டினால் ஒரு பூ. நாற்பது தட்டு தட்டினேன், நாற்பது பூ. அழகாக இருந்தது. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் கம்ப்யூட்டரில் அந்தப் பூ ஃபான்ட் இல்லை. ஃபான்ட் என்பது வேஷம்தானே? வேஷக்காரன் அரிதாரத்தைக் கலைத்தால் உள்ளே இருக்கிற ஆள் தெரிவான். மணமக்கள் பெயரைச் சுற்றி நாற்பது j வரிசையாக நின்றது. பெண்ணின் அப்பா ஆபீசுக்கு வந்து அழைப்பிதழை மேஜைமேல் வைத்து, "ஆராணு ஈ ஜே?" என்று கேட்டார். யார் இந்த ஜே என்று. மாப்பிள்ளை பெயர் அனில், பெண் பெயர் சிந்து.

அன்று நான் சாயாக்கடையிலேயே குடியிருந்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளில், எண்களுக்குக் கீழே இரண்டு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. 'குறிக்காக ஃபான்ட் மாற்றக் கூடாது. எழுத்தைப் படமாக்காமல் கோப்பு வெளியே போகக் கூடாது.' படமாக்கிவிட்டால் அப்புறம் அது எழுத்தே இல்லை, வெறும் கோடும் நிறமும்தான். எந்தக் கம்ப்யூட்டரிலும் மாறாது. இந்த இரண்டு வரியையும் நான் பல வருஷம் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஒரே ஒரு நாள் கடைப்பிடிக்கவில்லை.

அந்த ஒரு நாளுக்குக் காரணம் ரசவடை.

ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வேலை வந்திருந்தது. பேர் வேண்டாம். அவசரப் பிரிவுச் சுவர்களில் மாட்டுவதற்கு ஓர் அட்டவணை, பன்னிரண்டு பிரதி. குழந்தை இத்தனை கிலோ எடை என்றால் இந்த மருந்து இத்தனை என்று பார்த்தவுடன் தெரியவேண்டும். டாக்டர் கையால் எழுதிக் கொடுத்த தாளில் மைக்ரோகிராம் என்பது ஒன்பது இடத்தில் வந்தது. மைக்ரோவுக்கு 'மியூ' என்ற கிரேக்க எழுத்தைப் போட்டு, பக்கத்தில் g போடவேண்டும். வேலையைக் கையில் கொடுக்கும்போதே மேடம் சொன்னார்: "மியூ போய் அங்கே ஒரு எம் வந்துதுன்னா மில்லிகிராம். ஆயிரம் மடங்கு. குழந்தைகள் சமாசாரம், சுயம்பு."

"சரி மேடம்" என்றேன். பயபக்தியோடுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மேடம் ஒரு மீட்டிங்கில் இருந்த நேரத்தில் ரசவடையை மேஜையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வேலையைத் தொடங்கினேன். ரசம் கொட்டிவிட்டது. எங்கே கொட்டியது என்றால் எண் பலகையில். துடைத்து, ஊதி, கவிழ்த்து எல்லாம் பார்த்தேன். எட்டு மட்டும் வேலை செய்யவில்லை. மைக்ரோவின் எண் 0181. என் தலையெழுத்து, நடுவில் எட்டு.

பக்கத்து மேஜைக்குப் போயிருக்கலாம். மேடத்திடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மேஜையில் ரசவடை சாப்பிட்டது தெரிந்துவிடும். ஐம்பதை நெருங்குகிற மனிதன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ரசவடையை மறைப்பதற்காகக் கிரேக்க ஃபான்ட்டைத் தேர்ந்து m என்று ஒன்பது முறை தட்டினேன். ஒன்பது மியூ வந்தது. எப்படியும் கடைசியில் படமாக்கிவிடப் போகிறோம், அப்புறம் வேஷம் எப்படிக் கலையும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மேடம் சரிபார்த்தார். அதற்கு ஒரு முறை உண்டு. நான் வாசிக்க வேண்டும். அவர் திரையில் அந்தந்தக் குறியைப் பென்சில் நுனியால் தொடுவார். ஒவ்வொரு குறிக்கும் பேர் சொல்லி வாசிக்க வேண்டும். 'மைக்ரோ' என்றேன், தொட்டார். 'மைக்ரோ', தொட்டார். ஒன்பது மைக்ரோவும் தொட்டு முடித்துக் கையெழுத்துப் போட்டார். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தானே இருந்தது? நான் படமாக்கி ஒரு கோப்பு எடுத்துக்கொண்டேன். கடைசி நிமிஷத்தில் ஏதாவது திருத்தம் வந்தால் உதவட்டும் என்று, படமாக்காத கோப்பையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் காட்டிய முன்ஜாக்கிரதை அது.

சனிக்கிழமை காலை, சாலைக் கடைத்தெருவில் ஷாஜியின் பிரின்டிங் கடை. மெஷின் சூடாகிக்கொண்டிருந்தபோது டாக்டர் போன் செய்தார். அட்டவணைக்குக் கீழே இருக்கிற அவசரப் பிரிவுத் தொலைபேசி எண்ணை மாற்றவேண்டும். அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேலை. படமாக்காத கோப்பை ஷாஜியின் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. 'ஒரு ஃபான்ட் இல்லை, வேறொன்றை வைத்துக்கொள்ளவா?' இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் எத்தனை தடவை பார்த்திருப்பேனோ. ஓகே தட்டினேன். எண்ணை மாற்றினேன். மாற்றிய எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். திருத்திய இடத்தை மட்டும் பார்ப்பதுதானே மனித சுபாவம்? மேலே ஒன்பது இடத்தில் ஒன்பது பேர் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு நின்றதை நான் பார்க்கவில்லை.

"ஷாஜி, பன்னிரண்டு" என்றேன்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எத்தனை கேட்டாலும் அச்சடிப்பவர் ஒன்று கூடுதலாக அடிப்பார். கறையோ மடிப்போ விழுந்தால் மாற்றுக்கு ஆகும். விழவில்லை என்றால் அது டிசைனர் வீட்டு அலமாரித் தட்டுக்குப் போகும். நல்ல வழவழப்பான கனத்த தாள், எண்ணெய் பட்டாலும் துடைக்கலாம். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியே ஒரு கண்காட்சி. நகைக்கடை விளம்பரத்தின்மேல் புளி. தோற்றுப்போன ஒரு வேட்பாளரின் நெற்றியில் மல்லிப்பொடி டின்.

ஷாஜி போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போலக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிப் பையில் வைத்துக்கொண்டு, மீதியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வரவேற்பில் கொடுத்து, 'பன்னிரண்டு' என்று எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி லலிதா தாளை வாங்கி, "இந்தத் தடவ மூஞ்சி ஒண்ணும் இல்லியா? நல்லதாப் போச்சு" என்று நடுத் தட்டில் விரித்தாள். மதியம் சாப்பிட்டேன். சின்னத் தூக்கம் போட்டேன். இரண்டு மணிக்கு எழுந்து மிக்சர் டின்னை எடுத்தேன்.

டின் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். தடத்துக்கு நடுவில், தெளிவாக, mg.

கண் சரியில்லை என்று கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அடுத்த வரியைப் பார்த்தேன். mg. மல்லிப்பொடி டின்னை நகர்த்திப் பார்த்தேன். வேட்பாளர் சிரித்தார். அது வேறு தட்டு. திரும்ப நடுத்தட்டுக்கு வந்தேன். ஒன்பது இடத்திலும் mg.

"என்ன, மிக்சர்ல எறும்பா?" என்றாள் லலிதா.

"கொழந்த" என்றேன்.

"எந்தக் கொழந்த?"

ஆபீசுக்குப் போன் செய்தேன், எங்கேஜ்டு. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு எண்? அதுதான் எனக்கு நன்றாகத் தெரியுமே, காலையில் மூன்று முறை சரிபார்த்தேனே! அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்காதது ஏன் என்று என் மனசு உடனே ஒரு கதை எழுதியது. அதில் எல்லோரும் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள்.

தாளை உருவி நாலாக மடித்துத் துணிப்பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் காலைப் பார்த்தேன். இடது கால் செருப்பு என்னுடையது. வலது கால் செருப்பு லலிதாவுடையது, ஊதாப் பூ வைத்தது.

"குழந்தைங்க ஆஸ்பத்திரி, வேகம்" என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எந்தா சேட்டா, பிரசவமோ?"

"இல்ல... மைக்ரோ."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார், இறக்கிவிட்டால் போதும் என்பதுபோல.

மூன்று மாடியும் படியில் ஏறினேன். அவசரப் பிரிவு வாசலில் நின்றேன், நாலு சுவரையும் பார்த்தேன். எங்கேயும் அட்டவணை இல்லை. தலைமை நர்ஸ் ஏலியம்மா சிஸ்டர் ஒரு ஃபைலோடு எதிரே வந்தார். முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

"சிஸ்டர், அது... மாட்டியாச்சா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். "சேட்டா, இரிக்கூ. ஆத்யம் சுவாசம் விடு. ஒண்ணும் மாட்டியிட்டில்லா. பேடிக்கண்டா."

உட்கார், முதலில் மூச்சு விடு, ஒன்றும் மாட்டவில்லை, பயப்படாதே. இந்த நாலு வாக்கியத்தைவிட நல்ல மலையாளம் நான் இந்த ஊரில் கேட்டதில்லை. அங்கே அவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. எந்தத் தாளும் சுவருக்குப் போகும் முன் இரண்டு நர்ஸ்கள் உட்கார்ந்து, ஒருவர் டாக்டரின் கையெழுத்துத் தாளை வாசிக்க, மற்றவர் அச்சடித்ததைப் பார்க்க வேண்டும். முதல் வரியிலேயே பிடித்துவிட்டார்கள். சிஸ்டர் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறார். நான் அடித்தபோது எங்கேஜ்டாக இருந்தது அதனால்தான். அவசரப் பிரிவில் மணி அடித்தபோது எடுக்காதது, தாள்களை எண்ண அறைக்குள் போயிருந்ததால்.

உட்காரத் திரும்பினேன். பெஞ்சில், மடியில் தாள்கட்டு, காதோரம் பென்சிலோடு, ஆபீசிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்துவிட்ட பத்மா மேடம் உட்கார்ந்திருந்தார்.

சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "பதினொண்ணுதான் இருக்கு, சுயம்பு" என்றார்.

"என்ன மேடம்?"

"சீட்டில பன்னிரண்டு. இங்கே பதினொண்ணு. ஒண்ணைக் காணோம்."

பாதி உட்கார்ந்தவன் எழுந்துவிட்டேன். ஒரு தாள் போதுமே. யாராவது நல்ல மனசோடு எடுத்துப் போய் ஏதோ ஓர் அறையில் ஒட்டியிருந்தால், ஏதோ ஒரு டியூட்டி டாக்டர் அவசரத்தில் நிமிர்ந்து பார்த்தால்? சிஸ்டர் ஐ.சி.யு. பக்கம் போனார். மேடம் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நான் கீழே மருந்தகம், டாக்டர் அறை, வரவேற்பு, நோட்டீஸ் பலகை எல்லாம் அலசினேன். துணி வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். 'ஹே, எந்தா நோக்குன்னது?' என்று ஒருவர் அதட்டினார். திரும்பி மேலே வந்து வார்டில் ஒவ்வொரு கட்டிலாக, தலைமாட்டிலும் அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

மூன்றாவது கட்டிலில் ஒரு சின்னப் பெண். நாலு வயசு இருக்கும். கையில் ஊசி குத்தி, அது அசையாமல் இருக்க ஓர் அட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து நான் நிமிர்ந்ததும் என் காலைப் பார்த்து, "அம்மே, மாமன்றெ செருப்பு!" என்று கத்திச் சிரித்தாள்.

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அந்த அட்டை கட்டின கை என் ஆள்காட்டி விரல் கனம்தான் இருந்தது. குழாயில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டை யாரோ எங்கேயோ ஒரு தாளைப் பார்த்துத்தானே கணக்குப் போட்டிருப்பார்கள்? என் தொழிலில் நான் செய்தது எதுவும் யார் உடம்புக்குள்ளும் போகும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

வராந்தாவில் மேடம் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சிஸ்டரும் வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தார்.

"சுயம்பு, ஒண்ணு கேக்கறேன். மியூ எம்மா மாறினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? உங்களுக்கு யாரும் சொல்லலையே."

"வீட்டில கூடுதல் தாள் இருந்தது மேடம். அலமாரியில... மிக்சர் எடுக்கும்போது..."

"எந்தக் கூடுதல்?"

"ஷாஜி எப்பவும் ஒண்ணு கூட அடிப்பானே."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இப்போ அவனோடதான் பேசினேன். இன்னிக்குக் கூட அடிக்கலையாம். பன்னிரண்டோட பேப்பர் ரோல் தீந்துபோச்சாம்."

மூன்று பேரும் என் துணிப்பையைப் பார்த்தோம்.

ஆஸ்பத்திரி முழுக்க நான் தேடிய தாள், தேடியபோதெல்லாம் என் தோளில்தான் தொங்கியிருக்கிறது. எடுத்து விரித்தேன். நட்ட நடுவில் எண்ணெய்த் தடம், வட்டமாக. ஓரத்தில் ஒரு நிலக்கடலைத் தோல் வேறு ஒட்டியிருந்தது.

ஏலியம்மா சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்றெ கர்த்தாவே, பன்னிரண்டாமன்!" மேடம் சிரிக்கவில்லை. சிஸ்டரிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எண்ணி, குறுக்கே இரண்டாக வெட்டினார். எண்ணெய்த் தாளைக் கடைசியில் வெட்டினார். எனக்கு உடம்பிலிருந்து ஏதோ ஒரு மூட்டையை இறக்கினதுபோல இருந்தது.

வெட்டி முடிக்கும்வரை நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிரேக்க ஃபான்ட், மஞ்சள் முக்கோணம், ஓகே. "மியூவுக்கு ஏன் எண்ணைத் தட்டலை?" என்று கேட்டார். எட்டு வேலை செய்யவில்லை என்றேன். "எட்டுக்கு என்ன ஆச்சு?" அதையும் சொன்னேன். ரசவடை என்ற சொல்லை அவ்வளவு சன்னமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் சிஸ்டர் கேட்டார். "அல்ல மேடம், ஞான் ஒண்ணு சோதிக்கட்டே? இந்தச் சின்னம் எதுக்கா? மைக்ரோகிராம்னு முழுசா எழுதினா போரே? டாக்டர் அப்படித்தானே எழுதித் தந்தது?" முழுசாக எழுதினால் போதாதா என்று கேட்கிறார்.

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மியூவை எப்படி வரவழைப்பது என்று இத்தனை வருஷம் படித்திருக்கிறோம். மியூ எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. "கட்டத்தில இடம் பத்தாது சிஸ்டர்" என்றேன், பழக்கதோஷத்தில். மேடம் வெட்டிய ஒரு பாதியை எடுத்து, கட்டத்தின்மேல் பென்சிலைக் கிடத்தி அளந்தார். "போறும்" என்றார்.

திங்கட்கிழமை எனக்குப் புதுக் கீபோர்டு வந்தது. புது அட்டவணையில் ஒன்பது இடத்திலும் மைக்ரோகிராம் என்ற முழு வார்த்தை ஒரு எழுத்து குறையாமல் உட்கார்ந்தது. ஷாஜி பதிமூன்று அடித்தான். பதிமூன்றை மேடமே எண்ணிப் பன்னிரண்டைக் கட்டி, மிச்சம் ஒன்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அலமாரியின் நடுத்தட்டில் இப்போதும் அதுதான் இருக்கிறது. மிக்சர் எடுக்கும்போதெல்லாம் கண் தானாக ஒரு தடவை அதில் போய்வரும். ஆனால் அதெல்லாம் திங்கட்கிழமை. சனிக்கிழமை இன்னும் முடியவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு நானும் மேடமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேலை போய்விடும் என்று நான் முடிவே செய்துவிட்டேன். லலிதாவிடம் எப்படிச் சொல்வது, செருப்பைப் பற்றி முதலில் சொல்வதா வேலையைப் பற்றி முதலில் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போய் ஒரு சாயா..." என்று தொடங்கினார். எழுந்துவிட்டேன். சாயா என்றால் வேலை போகவில்லை என்று அர்த்தம். வெளியே அனுப்புகிறவனை யாராவது திரும்பி வந்து தப்பைத் தேடச் சொல்வார்களா?

"சுயம்பு" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். "ரெண்டா வாங்கிண்டு வாங்கோ."

கேன்டீனில் இரண்டு சாயா வாங்கி, மூன்று மாடி ஏறி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்தேன். அவர் தம்ளரை வாங்கினார். அவருக்குப் பக்கத்தில் கிடந்த வெட்டிய தாள்களை அப்போதுதான் கவனித்தேன். கோடு போட்டதுபோல வெட்டுகிறவர், பன்னிரண்டையும் கோணலாக வெட்டியிருந்தார். நான் பார்க்காததுபோல ஊதிக் குடித்தேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு வாய். பிறகு தம்ளருக்குள் உற்றுப் பார்த்தார்.

"ஏன் சுயம்பு, இவ்வளவு நன்னா இருக்கற ஒண்ணையா இத்தனை வருஷமா உங்களுக்குத் தண்டனையாக் குடுத்துண்டிருந்தேன்?"

இன்னொன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.